சேலம், ஏற்காடு வாசிகளுக்கு வாக்கி டாக்கி: உரிமமும் செட் பாதுகாப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்டேட் மேலாளர்கள், மண்டபம் நடத்துபவர்கள், திருவிழாக் குழுவினர், பிள்ளைகளை முகாமுக்குக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள், வார இறுதியில் மலையேறும் பைக் குழுக்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளே இங்கே இருப்பவை. பாதிப் பேர் "லைசென்ஸ் வேணுமா?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் "செட் ஏன் போச்சு?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எந்த அலைவரிசையில், எவ்வளவு பவரில், எந்த ஆன்டெனாவில் பேசுகிறோம் என்று பார்க்காமல் பட்டனை அழுத்துகிறோம்.

ஆன்லைனில் ரெண்டாயிரம் ரூபாய்க்கு வாக்கி டாக்கி கிடைக்குது. வாங்கிப் பேசலாமா?

விற்கிறார்கள் என்பதற்காகப் பேசலாம் என்று ஆகிவிடாது. நம் நாட்டில் ரேடியோ அலையை அனுப்பும் எந்தக் கருவிக்கும், விலக்கு தரப்பட்டிருந்தால் ஒழிய, அரசின் அனுமதி வேண்டும். பயன்படுத்த மட்டுமல்ல, கையில் வைத்திருக்கவும் வேண்டும். 1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933-ம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இதற்கு அடிப்படை. அவற்றின் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் பல பிரிவுகள் 2024 ஜூன் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அலைவரிசை விவகாரம் முழுவதையும் பார்ப்பது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு.

அந்த மலிவு செட்டுகளில் பெரும்பாலானவை 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 400-லிருந்து 500-ஐ ஒட்டியும் எந்த எண்ணை அடித்தாலும் அனுப்பும். அதே இடைவெளிக்குள்தான் அரசுத் துறைகளின் அலைவரிசைகளும், காசு கட்டி உரிமம் வாங்கிய தனியார் நிறுவனங்களின் அலைவரிசைகளும் இருக்கின்றன. விளையாட்டாக ஒரு எண்ணைத் தட்டிப் பேசினால் யாருடைய அவசரப் பேச்சின் மேல் போய் விழுகிறோம் என்றே தெரியாது.

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஆன்லைனில் விற்கும் செட் எந்த அலைவரிசையில் வேலை செய்யும், உரிமம் வேண்டுமா, ஈ.டி.ஏ. எனப்படும் கருவி வகை ஒப்புதல் இருக்கிறதா என்பதெல்லாம் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். பொருளின் பக்கத்தில் இந்த மூன்றும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அப்போ லைசென்ஸ் இல்லாமல் பேசக்கூடியது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. குழுவாகப் பேச நம் தேவைக்குப் பொருந்துபவை இரண்டு.

ஒன்று, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. குறைந்த பவர், குறுகிய தூரத்துக்கான கைச்செட்டுகளுக்கு 2018-ல் இதில் விலக்கு வந்தது. செட்டோடு சேர்ந்தே இருக்கும், கழற்ற முடியாத ஆன்டெனா உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பைக் குழு, பள்ளி முகாம், தங்கும் விடுதி இவற்றுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, 26.957 முதல் 27.383 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிட்டிசன் பேண்ட். செட்டிலேயே அமைந்த ஆன்டெனாவுடன் 5 வாட் வரை விலக்கு உண்டு. இந்தப் பக்கத்தில் அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. ஆன்டெனா நீளமாக இருந்தால்தான் நன்றாக எடுக்கும், அதனால் கைக்கு அடக்கமாக இருக்காது.

விலக்கு என்றால் உரிமை என்று அர்த்தமில்லை. யாருக்கும் இடைஞ்சல் தரக்கூடாது. உங்களுக்கு இடைஞ்சல் வந்தால் புகார் சொல்லவும் முடியாது. மே மாதக் கோடை விழாவின்போது ஏரிப்பக்கம் நான்கு குழுக்கள் ஒரே சேனலில் இருந்தால் விட்டுக்கொடுத்துத்தான் பேச வேண்டும். "டோன் போட்டிருக்கேன், எங்க பேச்சு யாருக்கும் கேக்காது" என்பதும் தவறு. டோன் என்பது பேச்சோடு செட் சேர்த்து அனுப்பும் ஒரு ஒலிக்குறி. அது அடுத்தவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கும். உங்கள் பேச்சை யாரும் கேட்காமல் தடுக்காது.

ஏற்காட்டிலிருந்து பேசினால் எவ்வளவு தூரம் கேட்கும்?

இதைப் புரிந்துகொண்டால் சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதும் புரியும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த அலைவரிசைகள் அநேகமாக நேர்க்கோட்டில் போகிறவை. மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம், அதாவது அலை நேராக எட்டக்கூடிய எல்லை, எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாக வரும். சமவெளிக்கு மேல் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 140 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று 5 வாட் செட்டில் நண்பனைக் கூப்பிடுகிறீர்கள். நண்பன் இரண்டு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே இருப்பான், அவனுக்குச் சரியாகக் கேட்காது. ஈரோட்டுப் பக்கமோ நாமக்கல் பக்கமோ அதே அலைவரிசையில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். மலைப்பாறை இடையில் நின்றால் அரைக் கிலோமீட்டரும் எட்டாது, வெளி திறந்திருந்தால் மாவட்டமே நனையும்.

அதனால்தான் மலை மேல் இருப்பவர்கள் சமவெளியில் இருப்பவர்களைவிட அதிகக் கவனமாக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கீழே அடிவாரத்தில் தவறான அலைவரிசையில் பேசினால் தெருவுக்கு இடைஞ்சல். மேலே அதையே செய்தால் மூன்று மாவட்டத்துக்கு இடைஞ்சல்.

எஸ்டேட்டுக்கு, ஆலைக்கு என்று சொந்த அலைவரிசை வாங்க என்ன செய்ய வேண்டும்?

தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை செட், எந்த இடத்தைச் சுற்றி எவ்வளவு தூரம், கைச்செட்டா வண்டிச்செட்டா, நிலையான பேஸ் ஸ்டேஷன் உண்டா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். கொள்கையளவில் ஒப்புதலும் அலைவரிசை ஒதுக்கீடும் வரும், அலைவரிசைக் கட்டணம் கட்ட வேண்டும், கருவி வாங்க வேண்டும், இயக்க உரிமம் வரும். நிலையான ஆன்டெனா கம்பம் நட்டால் அந்த இடத்துக்கு சாக்ஃபா என்ற குழுவின் அனுமதி தனி. விமானங்களுக்கோ ஏற்கெனவே உள்ள மற்ற நிலையங்களுக்கோ இடையூறு வருமா என்று பார்க்கத்தான் அது.

செட்டை விற்பவரிடம் டீலர் உரிமம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஒழுங்கான டீலர் விண்ணப்ப வேலையிலும் கூடவே நிற்பார். "முதல்ல செட்டை எடுத்துக்குங்க, லைசென்ஸ் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். அப்படி வாங்கிய ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு செட்டும் பெட்டியிலேயே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் காட்டெருமை வந்தாலும் வேலையாட்களுக்குச் சொல்ல விசில்தான் இருந்தது.

உரிமத்துக்கு ஆகும் காலத்தை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் தொடங்கியபின் விண்ணப்பித்தால் அந்தப் பருவத்துக்கு உதவாது.

எனக்கு ஹாம் லைசென்ஸ் இருக்கு. அதை வைத்து எங்கள் லாரி ஆபீஸ் வேலைக்குப் பேசலாமா?

கூடாது. ஹாம் ரேடியோ உரிமம் தனி ஆர்வலர்கள் கற்றுக்கொள்ளவும், பரிசோதிக்கவும், பேரிடரில் உதவவும் தரப்படுவது. வியாபாரப் பேச்சுக்கு அதில் இடமே இல்லை.

ஆனால் ரேடியோவில் உண்மையான ஆர்வம் இருப்பவர்கள் அந்த உரிமத்தைக் கட்டாயம் வாங்குங்கள் என்பேன். 12 வயது நிரம்பினால் போதும். ரேடியோ அடிப்படை, விதிமுறைகள் என்று இரண்டு பகுதியாகத் தேர்வு. முதல் படியான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) தேவையில்லை. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். தேர்வுக்கு, நமக்கு அருகில் சென்னையில் ரேடியோ அலைகளைக் கண்காணிக்கும் அரசு நிலையம் இருக்கிறது. தேர்ச்சி பெற்றால் வி.யு.3 அல்லது வி.யு.2 என்று தொடங்கும் அழைப்புக் குறி உங்களுக்கே உங்களுக்கு. 144 முதல் 146, 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை கைச்செட்டில் அதிகம் புழங்கும் ஹாம் பட்டைகள். 2004 டிசம்பர் சுனாமியில் அந்தமானில் தொடர்பெல்லாம் அறுந்தபோது போர்ட் பிளேரில் இருந்த ஹாம்கள்தான் வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார்கள். பெருமழையில் மலைச்சாலை சரிந்து செல்போன் கோபுரமும் படுத்தால், ஏற்காட்டுக் கிராமங்களுக்கும் அப்படி ஓர் ஆள் தேவைப்படும். நாகலூரிலும் செம்மனத்தத்திலும் ஒரு ஹாமாவது இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த செட் இருக்கு. பேசலாமா?

அங்கே குடும்ப உபயோகத்துக்கு விற்கும் செட்டுகள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. இங்கே அவற்றுக்கு விலக்கு இல்லை. ஊர் திரும்பும்போது மாமாவிடமே கொடுத்தனுப்பிவிடுங்கள்.

சிம் கார்டு போட்ட வாக்கி டாக்கி?

அது மொபைல் நெட்வொர்க் வழியாகப் போகிறது, ஆகவே நீங்கள் தனியாக அலைவரிசை கேட்க வேண்டியதில்லை. கருவி ஒப்புதல் பெற்றதா என்று மட்டும் பாருங்கள். சேலம் நகருக்குள் மண்டபம், மருத்துவமனை, ஜவுளிக்கடைக்கு மிக நல்லது. சிக்னல் போய்ப் போய் வரும் மலைச்சாலையில் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மாட்டினால் என்ன ஆகும்?

1933-ம் ஆண்டுச் சட்டம், உரிமமில்லா டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது. 2023-ம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அனுமதியில்லாமல் ரேடியோ கருவி வைத்திருப்பதற்கு முதல் முறை 50,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளுக்கு 2 லட்சம் வரை என்கிறது. கருவியும் பறிமுதல் ஆகலாம்.

ஆன்டெனா இல்லாமல் பட்டனை அழுத்தினால் செட் போய்விடுமா?

போகலாம். அதற்கு ஒரு நொடிகூடப் போதும் சில செட்டுகளில்.

செட்டின் கடைசிக் கட்டத்தில் பவர் டிரான்ஸிஸ்டர் ஒன்று இருக்கிறது. அது உண்டாக்கும் ஆற்றல் ஆன்டெனா வழியாக வெளியே போக வேண்டும். போக வழியில்லாவிட்டால் திரும்பி வந்து அதன் மேலேயே மோதுகிறது, வெப்பமாகவும் மிகை மின்னழுத்தமாகவும். நல்ல செட்டுகள் அதை உணர்ந்து பவரைக் குறைத்துக்கொள்ளும். மலிவு செட்டில் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. "கேக்குது, ஆனா நாம பேசுறது போக மாட்டேங்குது" என்று சர்வீஸுக்கு வரும் செட்டுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த டிரான்ஸிஸ்டரைத்தான்.

ஆன்டெனா நன்றாகத் திருகி இருக்கிறதா என்று செட்டை எடுக்கும்போதெல்லாம் ஒரு முறை விரலால் பாருங்கள். செட்டைத் தூக்க ஆன்டெனாவைப் பிடிக்காதீர்கள். அடியில் இருக்கும் கனெக்டர் தளர்வதே அப்படித்தான்.

சும்மா வேறு அலைவரிசைக்கு மாற்றிப் பேசினால் செட்டுக்கு என்ன கேடு? அது சட்டப் பிரச்சினை மட்டும்தானே?

இல்லை, செட்டுக்கும் கேடுதான். ஆன்டெனாவின் நீளம் அலைவரிசைக்கு ஏற்ப வெட்டப்பட்டது. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் சுமார் நாலில் ஒரு பங்கு, சுமார் 49 சென்டிமீட்டர். 446-க்குச் சுமார் 16 சென்டிமீட்டர்தான். ஒன்றுக்கு வெட்டியதில் இன்னொன்றை அனுப்பினால் ஆற்றலின் ஒரு பங்கு திரும்பி வரும்.

எவ்வளவு திரும்புகிறது என்பதை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் காட்டும். 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது, கவலையில்லை. 2 என்றால் 11 சதவீதம், சரிசெய்ய வேண்டும். 3 என்றால் 25 சதவீதம், உடனே நிறுத்த வேண்டும். உரிமத்தில் எழுதியிருக்கும் அலைவரிசைக்கு ஆன்டெனாவை ஒரு முறை சரியாக அமைத்து, அதிலேயே பேசுகிற நிலையத்தில் இந்தத் தொல்லை அபூர்வம். வேலையாட்கள் கைக்குப் போகும் செட்டுகளில் கீபேடைப் பூட்டி, சேனல்களை மட்டும் விட்டுவையுங்கள்.

மலை மேல் வைத்த ஆன்டெனா ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை. ஏன்?

தண்ணீர்தான். அதுவும் ஏற்காட்டில் மழை மட்டுமில்லை, நாள் முழுக்கத் தொங்கும் மூடுபனியும் சேர்ந்து ஈரமாக்கும்.

பழுதான கேபிளின் மேல்முனைக் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் கதை தெரியும். மேலே சுற்றிய கறுப்பு டேப் பிசுபிசுத்து நழுவியிருக்கும். திருகை அவிழ்க்கும்போதே இரண்டு சொட்டுத் தண்ணீர் விழும். கேபிளின் உறையை ஒரு சாண் சீவினால் செம்புப் பின்னல் பளபளப்பு போய்ப் பச்சையும் கறுப்புமாக இருக்கும், கிள்ளினால் பொடியாக உதிரும். ஈரம் பின்னல் வழியாகவே உள்ளே ஏறிக்கொண்டு போகும். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி கனெக்டர் போட்டால் ஒரு மாதம் ஓடும். முழுக் கேபிளையும் மாற்றுவதுதான் சரி.

சாதாரண எலக்ட்ரிகல் டேப் மட்டும் போதாது. முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, வெயில் படாமல் அதன் மேல் எலக்ட்ரிகல் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்வதுபோல் மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிய வேண்டும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடி மின்னலுக்கு என்ன செய்வது?

ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்து இடிமழை சேர்வராயன் மலைக்குப் பழக்கம். உயரமான இடத்தில் நிற்கும் உலோகக் கம்பம் மின்னலுக்கு அழைப்பு. நேராக விழ வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் விழுந்தாலே கேபிளில் பாயும் மின்னழுத்தம் செட்டின் முன்பகுதியைச் சுட்டுவிடும்.

கம்பத்துக்கு எர்த் போடுங்கள். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் மின்னல் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் லைட்னிங் அரெஸ்டர் வைத்து அதையும் எர்த்தோடு இணையுங்கள். கம்பத்தின் எர்த்தும் கட்டடத்தின் கரண்ட் எர்த்தும் தனித்தனியாக நிற்கக் கூடாது, தடித்த செம்புப் பட்டையால் இரண்டையும் பிணைக்க வேண்டும். தனித்தனியாக இருந்தால் மின்னல் நேரத்தில் இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, அது செட்டின் வழியாகவே பாயும். ஏற்காட்டில் கூடுதல் சிரமம் தரை: அடியில் சார்னோகைட் பாறை, மேலே மெல்லிய மண். ஒரு கம்பியை அடித்துவிட்டு எர்த் ஆச்சு என்று விடாதீர்கள். பல கம்பிகளை இடைவெளி விட்டு அடித்துப் பட்டையால் இணைத்து, எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

இத்தனை செய்தபின்னும் நம்பகமான பாதுகாப்பு, மேகம் திரளும்போதே ஆன்டெனா கேபிளையும் பவர் பிளக்கையும் கழற்றிவைப்பதுதான். இடிச் சத்தம் கேட்டபின் கேபிளைத் தொடவே தொடாதீர்கள். செட் போனால் வாங்கிக்கொள்ளலாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபின் மாட்டுங்கள். இடி மின்னல் நேரத்தில் பேகோடா பாயிண்ட் மாதிரியான திறந்த முனையில் கைச்செட்டோடு நிற்கவும் வேண்டாம்.

பேட்டரி ஏன் சீக்கிரம் உப்புகிறது?

சேலம் வெயில். பூட்டிய காருக்குள் செட்டை வைத்துவிட்டுப் போவது பேட்டரியைக் கொல்லும் முதல் காரணம். 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட் வரும். அதற்கென்று வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். மாதக்கணக்கில் எடுத்துவைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, மறுபடி சார்ஜில் போடவும் கூடாது.

திருவிழா நாளில் விடாமல் பேசுவதாலும் செட் சூடேறும். கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் நிற்கும் தொண்டர்களுக்கு இடையே தூரம் அதிகமில்லை. குறைந்த பவரே போதும், சுருக்கமாகப் பேசினாலும் போதும்.

ஜீப்பிலும் லாரியிலும் செட் பொருத்தும்போது?

வண்டிச்செட்டுகள் 13.8 வோல்ட்டுக்கானவை. கார், ஜீப்பில் பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். லாரியில் கவனம்: அது 24 வோல்ட். சங்ககிரி பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதைப் பார்க்கிறேன். அப்படி எடுத்தால் அந்தப் பேட்டரி எப்போதும் குறைவாகவும் மற்றது மிகையாகவும் சார்ஜ் ஆகி இரண்டுமே கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர்தான் வழி.

குவாரியில், மேக்னசைட் சுரங்கத்தில் பயன்படுத்தலாமா?

உரிமம் இருந்தாலும் வெடி வைக்கும் நேரத்தில், மின்சார டெட்டனேட்டர் இணைத்த இடத்தின் அருகில் பட்டனை அழுத்தாதீர்கள். ரேடியோ அலை அந்த ஒயர்களில் மின்சாரத்தைத் தூண்டி, நேரத்துக்கு முன்பே வெடிக்க வைக்கலாம். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது பவரையும் அலைவரிசையையும் பொறுத்தது. வெடி பொறுப்பாளர் சொல்லும் தூரமே முடிவு. பெட்ரோல், கேஸ் கையாளும் இடங்களுக்குத் தீப்பொறி எழாதபடி வடிவமைத்துச் சான்று பெற்ற செட் தனியாக இருக்கிறது.

பழைய செட்டைத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிடலாமா?

செட்டைக் கொடுத்தால் உரிமம் கூடவே போகாது. வாங்குபவரிடம் அந்த வகை செட்டுக்கு அனுமதி இருந்தால் மட்டுமே கொடுங்கள். கொடுக்கும் முன் உங்கள் சேனல்களை அழித்துவிடுங்கள், வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு உரிமக் கோப்பில் மாற்றத்தைப் பதியுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் வரிசை எண், தேதி எழுதிய ரசீது வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.